இன்றைய ரெட்ரோ பாணி விளையாட்டைப் பழைய கன்சோலுக்குக் கொண்டுபோவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய கன்சோல்களின் சாயலில் எழுதப்படும் விளையாட்டுகள் இன்று கணினியில் ஏராளம். அப்படி ஒன்றை உண்மையான பழைய வன்பொருளிலேயே ஓடவைக்க விரும்புகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. விடைகளில் எண்கள் நிறைய வரும். இந்த வேலையே எண்களோடு மல்லுக்கட்டுவதுதான்.

பார்த்தால் பழைய விளையாட்டு போலவே இருக்கிறதே, அப்படியே ஓடாதா?

ஓடாது. சாயல் வேறு, வன்பொருளின் விதிகள் வேறு. 2014-இல் வந்த ‘ஷவல் நைட்’டை எடுத்துக்கொள்ளுங்கள். நின்டெண்டோவின் 8-பிட் கன்சோலான என்இஎஸ்ஸை மனத்தில் வைத்து மிகுந்த அக்கறையோடு செய்யப்பட்டது அது. ஆனாலும் அதன் திரை அகலத்திரை. என்இஎஸ் திரையோ 256-க்கு 240 பிக்சல். என்இஎஸ் நிறப்பட்டியலில் இல்லாத சில நிறங்களையும் அது பயன்படுத்துகிறது. பின்னணி பல அடுக்குகளாக வெவ்வேறு வேகத்தில் நகர்கிறது. என்இஎஸ்ஸில் இருப்பது ஒரே ஒரு பின்னணி அடுக்கு. எத்தனை எதிரிகள் வந்தாலும் படம் மினுக்குவதில்லை. இவை ஒவ்வொன்றும் அதைச் செய்தவர்கள் தெரிந்தே எடுத்த நல்ல முடிவுகள். ஆனால் உண்மையான கன்சோலுக்குக் கொண்டுபோக நினைப்பவருக்கு ஒவ்வொன்றும் தனித்தனி வேலை.

அந்த வேலையைச் செய்து காட்டியவர்களும் இருக்கிறார்கள். 2017-இல் கணினிக்கு வந்த ‘ஆல்வாஸ் அவேக்கனிங்’ பிறகு என்இஎஸ்ஸுக்கென்றே புதிதாக எழுதப்பட்டது. 2004-இல் இலவசமாக வெளியான ‘கேவ் ஸ்டோரி’யை ஒரு ரசிகர் சேகாவின் மெகா டிரைவுக்குக் கொண்டுவந்திருக்கிறார். 2019-இல் மெகா டிரைவுக்காகவே பிறந்த ‘ஸீனோ கிரைசிஸ்’ பின்னர் ட்ரீம்காஸ்ட் உட்படப் பல பழைய கன்சோல்களுக்குப் பயணப்பட்டது.

எந்தக் கன்சோலைத் தேர்ந்தெடுப்பது?

எது பிடித்த கன்சோல் என்று யோசிக்கும் முன், உங்கள் விளையாட்டிலேயே மிக நெரிசலான காட்சியை நிறுத்திவைத்து எண்ணுங்கள். ஒரே கிடைமட்டக் கோட்டில் எத்தனை உருவங்கள் வருகின்றன? மொத்தம் எத்தனை நகரும் பொருள்கள்? எத்தனை நிறங்கள்? பின்னணி எத்தனை அடுக்கு? விடை பெரும்பாலும் அந்த ஒரு காட்சியிலேயே கிடைத்துவிடும்.

என்இஎஸ்ஸில் செயலியின் வேகம் 1.79 மெகாஹெர்ட்ஸ், வேலை நினைவகம் 2 கிலோபைட், 64 ஸ்ப்ரைட்டுகள் (பின்னணிக்கு மேல் தனியாக நகரும் சிறு படங்கள்), ஒரு கோட்டில் 8. கேம் பாய்க்கு 160-க்கு 144 பிக்சல் திரை, 40 ஸ்ப்ரைட்டுகள், ஒரு கோட்டில் 10. மெகா டிரைவில் 7.67 மெகாஹெர்ட்ஸில் ஓடும் 68000 செயலி, 64 கிலோபைட் நினைவகம், இரண்டு பின்னணி அடுக்குகள், 80 ஸ்ப்ரைட்டுகள், ஒரு கோட்டில் 20. சூப்பர் நின்டெண்டோவில் 128 கிலோபைட் நினைவகமும் 128 ஸ்ப்ரைட்டுகளும் உண்டு, நிறங்களும் தாராளம், ஆனால் செயலி மெதுவானது. கேம் பாய் அட்வான்ஸில் 16.78 மெகாஹெர்ட்ஸ் ஆர்ம் செயலி இருப்பதால் சி மொழியில் எழுதிய நிரல் நன்றாக ஓடும். ட்ரீம்காஸ்ட் வேறு உலகம்: 200 மெகாஹெர்ட்ஸ், 16 மெகாபைட்.

முதல் முயற்சிக்கு என் பரிந்துரை மெகா டிரைவ் அல்லது கேம் பாய் அட்வான்ஸ். இரண்டுக்கும் நல்ல கருவிகள் உள்ளன, நினைவகமும் மூச்சுவிட இடம் தருகிறது. எல்லோருக்கும் என்இஎஸ் மீதுதான் ஆசை. அந்த ஆசை புரிகிறது. ஆனால் துப்பாக்கிக் குண்டுகள் திரையை நிறைக்கும் விளையாட்டை அங்கே கொண்டுபோனால், விளையாட்டின் உயிரையே வெட்ட வேண்டிவரும்.

என்னிடம் மூல நிரல் இருக்கிறது. அதைக் கொஞ்சம் மாற்றிக் கம்பைல் செய்தால் (அந்தக் கன்சோலின் செயலிக்குப் புரியும் வடிவுக்கு மாற்றினால்) போதாதா?

ட்ரீம்காஸ்ட்டுக்கோ கேம் பாய் அட்வான்ஸுக்கோ என்றால், மூலம் சி அல்லது சி++ஸில் இருந்தால், ஓரளவு முடியும். ‘செலஸ்ட்’டின் முதல் வடிவம் பிக்கோ-8 என்ற, மென்பொருளாக மட்டுமே இருக்கும் கற்பனைக் கன்சோலுக்காக நான்கே நாளில் எழுதப்பட்ட சிறிய விளையாட்டு. அதன் திரை 128-க்கு 128 பிக்சல். அது கேம் பாய் அட்வான்ஸ் திரைக்குள் அப்படியே அடங்குகிறது. அந்தப் போர்ட்டும், அதாவது அந்தக் கன்சோலுக்கு மாற்றிய வடிவமும், வந்துவிட்டது.

யூனிட்டி, கேம்மேக்கர் போன்ற எஞ்சின்களில் செய்த விளையாட்டுக்கு அந்த வழி கிடையாது. அங்கே உங்கள் நிரல் மேல்தளம் மட்டுமே. மோதலைக் கண்டுபிடிப்பது, நினைவகம் ஒதுக்குவது, படம் வரைவது எல்லாம் எஞ்சினின் வேலை. அந்த எஞ்சின் பழைய கன்சோலில் இல்லை. ஆகவே மூல நிரலை விதிப்புத்தகமாக வைத்துக்கொண்டு புதிதாக எழுதுவீர்கள். எதிரி எத்தனை ஃபிரேம் (திரையில் ஒருமுறை வரையப்படும் படம்) காத்திருக்கிறான், கத்தி எத்தனை பிக்சல் நீள்கிறது, அடிபட்ட பின் எவ்வளவு நேரம் பாதுகாப்பு என்பதையெல்லாம் அந்த நிரலிலிருந்து எடுத்துப் பட்டியலிடுங்கள். அந்தப் பட்டியல்தான் உங்கள் உண்மையான மூலப்பொருள்.

2 கிலோபைட்டில் ஒரு விளையாட்டு எப்படி அடங்கும்?

விளையாட்டு முழுவதும் அங்கே இருக்க வேண்டியதில்லை. நிரல், படம், வரைபடம், இசை எல்லாம் கார்ட்ரிட்ஜின் ரோமில், அதாவது படிக்க மட்டுமே முடிகிற நினைவகத்தில் இருக்கும். மாறிக்கொண்டே இருக்கும் விவரங்கள் மட்டும்தான் வேலை நினைவகத்துக்கு வரும். அதிலும் 256 பைட் செயலியின் ஸ்டாக்குக்கு (தற்காலிகக் குறிப்புகளை அடுக்கிவைக்கும் இடம்), இன்னொரு 256 ஸ்ப்ரைட் பட்டியலின் நகலுக்கு என்று போய்விடும்.

கணினியில் எதிரி தோன்றும்போது நினைவகம் ஒதுக்கி, செத்ததும் விடுவிப்பது வழக்கம். இங்கே அதை மறந்துவிடுங்கள். எட்டு எதிரிகளுக்கு எட்டு இடம் என்று முன்கூட்டியே நிலையாக ஒதுக்குங்கள். ஒன்பதாவது எதிரி வந்தால் என்ன செய்வது என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். திறந்த கதவு, எடுத்த சாவி போன்றவற்றுக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு பிட் போதும். எட்டுக் கதவுகள் ஒரே பைட்டில் அடங்கும்.

மார்ஃப்கேட் குழுவின் ‘மைக்ரோ மேஜஸ்’ 40 கிலோபைட் ரோமில் நான்கு பேர் சேர்ந்து ஆடும் முழு விளையாட்டு. நிரலுக்கும் தரவுக்கும் 32, படங்களுக்கு 8. அறைகளைச் சிறு கட்டங்களிலிருந்து பெரிய கட்டங்களாகக் கட்டுவது, படத்தில் பாதியை வைத்துக்கொண்டு மறுபாதியைத் திருப்பிப் பயன்படுத்துவது போன்ற உத்திகளைப் பழகிவிட்டால் இடம் எவ்வளவு தூரம் நீளும் என்பதற்கு அதுவே சான்று.

தசம எண்கள் இல்லையாமே, தாவலை எப்படி எழுதுவது?

இந்தக் கேள்விக்கு நிதானமாகவே பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் விளையாட்டின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

என்இஎஸ்ஸின் 6502 வகைச் செயலிக்குப் பெருக்கல் கட்டளைகூடக் கிடையாது. 68000-க்குப் பெருக்கலும் வகுத்தலும் உண்டு. ஆனால் ஒரு பெருக்கல் 70 செயலிச் சுழற்சி வரை விழுங்கும், வகுத்தல் அதைப் போல இரு மடங்கு. எனவே ஒரு பிக்சலை 256 பங்காகப் பிரித்து முழு எண்ணாகவே கணக்கிடுவார்கள். நொடிக்கு அறுபது ஃபிரேமில் ஒரு ஃபிரேமுக்கு ஒன்றரை பிக்சல் வேகம் என்றால் 384. மேல் பைட் பிக்சல், கீழ் பைட் பின்னம். கூட்டலும் கழித்தலும் மட்டுமே தேவைப்படும்.

கணினியில் பலர் கடந்த நேரத்தைப் பெருக்கி நகர்த்துவார்கள். கன்சோலில் ஃபிரேம்தான் நேரம். அதனால் கூட்டும் வரிசைகூட முக்கியமாகிறது. தொடக்க வேகம் 4 பிக்சல், ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஈர்ப்பு கால் பிக்சல் என்று வையுங்கள். பாடப்புத்தகச் சூத்திரம் 32 பிக்சல் உயரம் என்று சொல்லும். முதலில் நகர்த்திவிட்டுப் பிறகு ஈர்ப்பைக் கழித்தால் வீரன் 34 பிக்சல் ஏறுவான். முதலில் கழித்துவிட்டு நகர்த்தினால் 30 மட்டுமே. 32 பிக்சல் உயரத் திட்டின் மேல் ஒருவன் ஏறிவிடுவான், இன்னொருவனால் முடியாது. ஒரு வரியை மேலும் கீழும் மாற்றியதால் மட்டத்தையே முடிக்க முடியாமல் போகும். ஆகவே மூல விளையாட்டின் தாவலை ஃபிரேம் ஃபிரேமாகப் பதிவு செய்து, உங்கள் தாவலை அதன்மேல் வைத்துப் பாருங்கள். இரண்டு கோடுகளும் ஒன்றாகும்வரை அடுத்த வேலைக்குப் போகாதீர்கள்.

நொடிக்கு 50 ஃபிரேம் காட்டும் 50 ஹெர்ட்ஸ் கன்சோல்களையும் ஆதரிக்க விரும்பினால், 60-க்கு எழுதிய வேகங்களை 1.2-ஆலும் ஈர்ப்பை 1.44-ஆலும் பெருக்கி இன்னொரு அட்டவணை வைத்துக்கொள்ளுங்கள். ‘கேவ் ஸ்டோரி’ மூலத்திலேயே நொடிக்கு 50 ஃபிரேமில் ஓடுவது, ஆகவே அதற்கு இந்தக் கணக்கு எதிர்த்திசையில் வரும்.

நவீன விளையாட்டின் ‘கை உணர்வு’ பழைய கன்சோலில் கிடைக்குமா?

கிடைக்கும், அதுவும் மிகக் குறைந்த செலவில். பலர் இதை நம்ப மறுக்கிறார்கள். திட்டின் விளிம்பைத் தாண்டிய பிறகும் சில ஃபிரேமுக்குத் தாவ அனுமதிப்பதற்கு ஒரே ஒரு பைட் எண்ணி போதும். தரையைத் தொடுவதற்குச் சற்று முன்பே அழுத்திய பொத்தானை நினைவில் வைப்பதற்கு இன்னொரு பைட். அடி விழும்போது எல்லாவற்றையும் மூன்று நான்கு ஃபிரேம் உறையவைப்பதற்கு மேலும் ஒன்று. திரை அதிர்வுக்கு, பின்னணி நகர்வு எண்ணைக் கொஞ்சம் ஆட்டினால் போதும். ஸ்ப்ரைட்டுகளையும் அதே அளவு நகர்த்திவிடுங்கள்.

விலை அதிகமாவது கண்ணுக்கான அலங்காரம்: நூற்றுக்கணக்கான பொறிகள், சுழலும் உருவங்கள், ஒளி ஊடுருவும் நிழல்கள். பொறிகளை நான்காகக் குறையுங்கள், சுழற்சியை முன்பே வரைந்த சில படங்களாக மாற்றுங்கள். விளையாடுகிறவர் முதல் நிமிடத்தில் இதைக் கவனிப்பார், அதன் பிறகு மறந்துவிடுவார். தாவல் தப்பினால் மட்டும் கடைசிவரை மறக்கமாட்டார். வெட்ட வேண்டிய நிலை வரும்போதெல்லாம் நான் இந்த வரிசையில்தான் வெட்டச் சொல்வேன்.

படங்களை அப்படியே பயன்படுத்தலாமா?

அரிதாகவே. என்இஎஸ்ஸில் பின்னணிக்கு நான்கு பேலட், அதாவது நிறத்தொகுப்பு. ஒவ்வொன்றிலும் மூன்று நிறமும் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு நிறமும். அதைவிடக் கடினம், 16-க்கு 16 பிக்சல் பகுதி முழுவதற்கும் ஒரே பேலட் என்ற விதி. பச்சைப் புல்லும் சிவப்பு ஓடும் ஒரே பகுதிக்குள் சந்தித்தால் ஒன்று இன்னொன்றின் நிறத்தை வாங்கிக்கொள்ளும். எனவே நிறம் மாறும் இடங்களைக் கட்டத்தின் விளிம்புக்குத் தள்ளி மறுபடி வரைய வேண்டும். மெகா டிரைவில் 512 நிறங்களிலிருந்து ஒரே நேரத்தில் 61 கிடைக்கும். கட்டமும் 8-க்கு 8.

பிக்சலின் வடிவத்தையும் கவனியுங்கள். கணினியில் சதுரமாக இருப்பது என்இஎஸ்ஸில் சற்று அகலமாகும், மெகா டிரைவின் 320 அகல முறையில் சற்று ஒடுங்கும். நிலா முட்டையாவது இதனால்தான்.

எதிரிகள் ஏன் மினுக்குகிறார்கள்?

என்இஎஸ் ஒரு கோட்டில் எட்டு ஸ்ப்ரைட்டுக்கு மேல் வரையாது. ஒவ்வொன்றும் 8 பிக்சல் அகலம். 16 பிக்சல் அகல வீரனும் அதே அகலத்தில் மூன்று எதிரிகளும் ஒரே தரையில் நின்றாலே கணக்கு தீர்ந்தது. ஐந்தாவது ஆள் மறைந்துவிடுவான். முழுதாக மறையாமல் இருக்க, ஒவ்வொரு ஃபிரேமிலும் பட்டியலின் வரிசையை மாற்றுகிறோம். யார் மறைவது என்பது சுழன்றுகொண்டே வரும், அதுவே மினுமினுப்பு. உண்மையான தீர்வு மட்ட வடிவமைப்பில் இருக்கிறது: எதிரிகளை வெவ்வேறு உயரத்தில் நிறுத்துங்கள், பெரிய தலைமை எதிரியின் உடலைப் பின்னணிக் கட்டங்களாகவே வரையுங்கள்.

எமுலேட்டரில் (கணினியில் கன்சோலைப் போல நடிக்கும் மென்பொருளில்) நன்றாக ஓடியது, கன்சோலில் திரை சிதறுகிறது. ஏன்?

மூன்று காரணங்களை முதலில் சோதியுங்கள்.

ஒன்று, படநினைவகத்தில் எழுதும் நேரம். என்இஎஸ்ஸில் திரை வரைந்து முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளி சுமார் 2,270 செயலிச் சுழற்சிகள். ஸ்ப்ரைட் பட்டியலை அனுப்பவே 513 போய்விடும். மீதியில் நூற்றுச் சொச்சம் பைட்டுகள்தான் எழுத முடியும். ஒரு முழுத்திரைக்கு 1,024 பைட் வேண்டும். எனவே நகரும் பின்னணியை ஒரு நெடுவரிசையாக, சிறிது சிறிதாக நிரப்ப வேண்டும். நேரம் தாண்டி எழுதினால் படம் சிதறும். தளர்வான எமுலேட்டர் அதை மன்னித்துவிடும்.

இரண்டு, தொடக்க நினைவகம். பல எமுலேட்டர்கள் எல்லாவற்றையும் பூஜ்யமாக வைத்துத் தொடங்கும். உண்மையான கன்சோலை இயக்கும்போது நினைவகத்தில் என்ன இருக்கும் என்று சொல்ல முடியாது.

மூன்றாவது என்இஎஸ்ஸுக்கே உரியது: பதிவு செய்த ஒலித்துணுக்கு ஓடும்போது கட்டுப்பாட்டுக் கருவியைப் படித்தால் சில நேரம் தப்பான பொத்தான் பதிவாகும். வீரன் தானாகத் திரும்புவான். இரண்டு முறை படித்து ஒப்பிடுவது பழைய மருந்து.

எமுலேட்டர்களில் என்இஎஸ்ஸுக்கு மேசன், மெகா டிரைவுக்கு பிளாஸ்ட்எம், கேம் பாய்க்கு சேம்பாய் ஆகியவை துல்லியமானவை. இருந்தாலும் உங்கள் நிரலை ஏற்றிக் கன்சோலில் செருகக்கூடிய, எவர்டிரைவ் போன்ற ஃபிளாஷ் கார்ட்ரிட்ஜ் ஒன்றை முதல் வாரத்திலேயே வாங்கிவிடுங்கள். உண்மைக் கன்சோலில் ஓட்டுவதைக் கடைசி நாளுக்குத் தள்ளிப்போடாதீர்கள்.

செயலியின் கட்டளைகளையே நேராக எழுதும் அசெம்பிளி மொழி கட்டாயமா?

என்இஎஸ்ஸுக்குப் பெரும்பாலும் ஆம். சிசி65 கம்பைலரில் சி எழுதலாம், ஆனால் அடிக்கடி ஓடும் பகுதிகளை அசெம்பிளியில் மாற்றாமல் வேகம் வராது. மெகா டிரைவுக்கு எஸ்ஜிடிகே, கேம் பாய்க்கு ஜிபிடிகே-2020, நின்டெண்டோ 64-க்கு லிப்டிராகன், ட்ரீம்காஸ்ட்டுக்கு கல்லிஸ்டிஓஎஸ்: இவற்றில் சி தெரிந்தால் வெகுதூரம் போகலாம். நிரலே எழுதத் தெரியாதவருக்குக் கேம் பாய்க்கான ஜிபி ஸ்டுடியோ உண்டு. கதை சார்ந்த விளையாட்டுக்கு அது போதும், வேகமான ஆட்டத்துக்குத் திணறும்.

இசையை என்ன செய்வது?

பெரும்பாலும் ஒலிக்கோப்பாகக் கொண்டுபோக முடியாது, மறுபடி எழுத வேண்டும். என்இஎஸ்ஸில் ஐந்து ஒலித்தடங்கள்: இரண்டு சதுர அலை, ஒரு முக்கோண அலை, ஒரு இரைச்சல், ஒரு ஒலித்துணுக்கு. இதில் தாவல் ஓசையும் வெடி ஓசையும் இசையிடமிருந்து தடத்தைப் பறித்துக்கொள்ளும். எனவே முக்கியமான மெட்டை எந்தத் தடத்தில் வைப்பது என்பது ஆரம்பத்திலேயே எடுக்க வேண்டிய முடிவு. ‘ஷவல் நைட்’டின் இசை விஆர்சி6 என்ற கூடுதல் ஒலிச்சில்லையும் கணக்கில் கொண்டு எழுதப்பட்டது, அந்தச் சில்லின் ஒலி என்இஎஸ்ஸின் ஜப்பானிய வடிவமான ஃபேமிகாமில் நேரே கேட்கும், பிற நாட்டு என்இஎஸ்ஸில் வன்பொருளை மாற்றாமல் கேட்காது. மெகா டிரைவில் ஆறு எஃப்எம் தடங்களும் நான்கு எளிய தடங்களும் உண்டு. ஃபேமிஸ்டுடியோ, ஃபர்னஸ் இரண்டும் நல்ல கருவிகள்.

கார்ட்ரிட்ஜாக வெளியிடலாமா?

வெளியிடலாம். மின்னழுத்தத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். என்இஎஸ், மெகா டிரைவ் போன்ற பழைய கன்சோல்கள் 5 வோல்ட்டில் இயங்குபவை, இன்றைய நினைவகச் சில்லுகள் பல 3.3 வோல்ட்டுக்கானவை. இடையில் அழுத்தத்தை மாற்றும் சில்லு இல்லாமல் நேரே இணைத்த மலிவுப் பலகைகள் வேலை செய்வது போலத் தோன்றினாலும், கன்சோலுக்கும் கார்ட்ரிட்ஜுக்கும் தொடர்ந்து சுமை. அந்தக் கன்சோல்களை இனி யாரும் தயாரிக்கப்போவதில்லை. அவற்றைக் காப்பது நம் கடமை.

சட்டச் சிக்கல் வருமா?

முதல் கேள்வி விளையாட்டின் உரிமையாளருடையது. இலவசமாகக் கிடைக்கும் விளையாட்டு என்றாலும் அனுமதி கேளுங்கள், எழுத்தில் வாங்குங்கள். படம், இசை, பெயர் மூன்றுக்கும் தனித்தனியே உரிமை இருக்கக்கூடும்.

இரண்டாவது, கருவிகளின் உரிமை. ‘போர்ட்டல்’ விளையாட்டை நின்டெண்டோ 64-க்குக் கொண்டுவந்த ரசிகர் முயற்சி, அதன் உரிமையாளரான வால்வ் நிறுவனத்தின் வேண்டுகோளின்படி 2024 ஜனவரியில் நிறுத்தப்பட்டது. நின்டெண்டோவின் தனியுரிமை நூலகங்களை அது சார்ந்திருந்ததுதான் சிக்கல். அன்றைய அதிகாரப்பூர்வக் கருவிகள் எங்கோ கிடைக்கின்றன என்பதற்காக எடுக்காதீர்கள். லிப்டிராகன் போன்ற திறந்தமூலக் கருவிகள் இதற்காகவே இருக்கின்றன.

மூன்றாவது, பூட்டுகள். பிற்கால மெகா டிரைவ்கள் கார்ட்ரிட்ஜில் ‘சேகா’ என்ற எழுத்துகள் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுத்தான் இயக்கும். கேம் பாய் நின்டெண்டோ சின்னத்தையே ஒப்பிடும். 1992-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் சேகாவுக்கும் விளையாட்டு நிறுவனமான அக்கோலேடுக்கும் இடையிலான வழக்கில் அக்கோலேடு பக்கம் நின்றது: கன்சோலில் ஓட வேறு வழியே இல்லாதபோது அந்த எழுத்துகளைச் சேர்ப்பதும், அதைக் கண்டறிய நிரலைப் பிரித்துப் பார்ப்பதும் தவறில்லை என்பது அதன் சாரம். அது அமெரிக்கத் தீர்ப்பு. விற்பனைக்குப் போகும் முன் உங்கள் நாட்டுச் சட்டம் தெரிந்தவரிடம் கேளுங்கள்.

எங்கிருந்து தொடங்குவது?

தலைப்புத்திரையிலிருந்து வேண்டாம். ஒரே அறை, வீரன், அவன் தாவல் மட்டும். அது மூலத்தோடு பொருந்தியதும் முதலில் எண்ணிவைத்த அந்த நெரிசலான காட்சியைக் கட்டுங்கள், படங்கள் வெறும் பெட்டிகளாக இருந்தாலும் பரவாயில்லை. உண்மைக் கன்சோலில் அது தடுமாறாமல் ஓடினால் மீதியெல்லாம் உழைப்பு மட்டுமே. தடுமாறினால் வேறு கன்சோலுக்கு மாறுவதற்கு இன்னும் நேரம் இருக்கிறது.